ஜீரா பாலகிருஷ்ண ஐயரும் மருந்து ஊட்டும் நானும்

நாய் வளர்ப்பதும் ஒரு உத்தியோகம்தான். லீவு கிடையாது, பிரமோஷன் கிடையாது, நாள் முழுக்க உழைப்பது ஒருத்தி, நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போவது இன்னொருத்தர்.

இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு, செம்பூர் காலனி வீட்டில் காலை நீட்டி உட்காரலாம் என்று நினைத்த நேரத்தில்தான் இந்த உத்தியோகம் என் தலையில் விழுந்தது. என் பெண் நித்யா ஸ்டேஷன் வாசலிலிருந்து ஒரு குட்டி நாயைத் தூக்கிக்கொண்டு வந்து, சீரகக் கலரில் இருக்கிறது என்று ஜீரா என்று பெயர் வைத்து, கொஞ்சித் தீர்த்துவிட்டு, பெங்களூரில் வேலை கிடைத்ததும் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். அவள் தங்கியிருக்கிற இடத்தில் நாய்க்கு அனுமதி இல்லையாம். என் வீட்டில் மட்டும் யார் அனுமதி கொடுத்தார்கள், சொல்லுங்கள்?

உங்கள் வீட்டிலும் நாயோ பூனையோ இருந்து, மாத்திரை கொடுக்கிற கை உங்களுடையதாகவும், அது ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிற கால் வேறொருவருடையதாகவும் இருந்தால், நீங்கள் என் கட்சி. தைரியமாக மேலே படிக்கலாம். எனக்குப் பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்பா பெயர்

தடுப்பூசி போட வேண்டும் என்று பக்கத்தில் புதிதாகத் திறந்த கிளினிக்குக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கப் பெயிண்டில் நாய்க்கால் தடம். நம் வீட்டு மனுஷர்களுக்குக் காய்ச்சல் வந்தால் போகிற டிஸ்பென்சரியில் ஃபேன்கூடச் சரியாகச் சுற்றாது. கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பெயர் கேட்டாள். ஜீரா என்றேன். அடுத்தது, "ஃபாதர் நேம்?" இந்த ஊரில்தான் எதற்கு எடுத்தாலும் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றும் வேண்டுமே. நாய்க்குமா என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில், "ஜீரா பாலகிருஷ்ண ஐயர்!" என்று ஸ்பீக்கரில் கூப்பிட்டார்கள். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இந்த பாலகிருஷ்ண ஐயர் யார் தெரியுமோ? நித்யா நாயைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று, "அது உள்ள வந்தா நான் வெளில போயிடுவேன்" என்று வாசலில் நின்று சபதம் செய்தவர். அது உள்ளே வந்தது. அவர் வெளியே போகவில்லை. அதன் மூத்திரத்தைத் துடைத்தவள் நான், காதில் உண்ணி எடுத்தவள் நான், பெயர் மட்டும் அவருடையது. என் பெயரையும் எங்கேயாவது ஒரு மூலையில் போடம்மா என்று கேட்டேன். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஸாரி ஆன்ட்டி, சிஸ்டத்துல அம்மாவுக்கு இடமே இல்லை."

மடியில் ஒரு லாப்ரடார்

கிளினிக்கில் காத்திருப்பது என்பது மற்றவர்கள் வீட்டு நாய் எவ்வளவு நல்ல நாய் என்று பார்த்து வயிறெரிகிற நேரம். எனக்கு எதிரே ஒரு சிந்தி அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, கன்றுக்குட்டி அளவில் ஒரு லாப்ரடார். அவள் கையை எடுத்தால் அது அண்ணாந்து பார்க்கிறது, கையை வைத்தால் கண்ணை மூடிக்கொள்கிறது. பாலும் தேனும் ஒழுகுகிறது, கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

என்னுடையது என்ன செய்தது? கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தது. நான் "ஜீரா, ஜீரா கண்ணா" என்று குழைந்தேன். காதுகூட அசையவில்லை. மானம் போகிறதே என்று மெதுவாகக் கயிற்றை இழுத்தேன். தரையில் நகத்தை ஊன்றிக்கொண்டு சறுக்கியபடியே வந்ததே தவிர, எழுந்து வரவில்லை. எதிரே இருந்தவள் இதையெல்லாம் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள். அவள் கேட்டது ஹிந்தியில்; தமிழில் எழுதினாலும் அந்தக் கேள்வியின் காரம் குறையவில்லை.

"இன்னிக்குத்தான் தெருவிலேர்ந்து பிடிச்சுக்கிட்டு வந்தீங்களா?"

முத்துவின் பாக்கெட்

அந்தக் கிளினிக்கில் நாய்களைப் பிடித்துக்கொள்கிறவர் முத்து. தாராவிக்காரர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான் தமிழ் பேசுவதைக் கேட்டதும் "யக்கா" என்று வந்து நின்றார். நகம் வெட்ட வேண்டும் என்றேன். வீட்டில் நகவெட்டியைக் கண்ணில் காட்டினாலே காலனி முழுக்கக் கேட்கிற மாதிரி ஊளையிடும் ஜென்மம் அது. முத்து வந்து உட்கார்ந்ததும் மல்லாந்து படுத்துக்கொண்டு நாலு காலையும் நீட்டியது. வால் தரையைப் பெருக்குகிறது. அவர் வெட்டி முடித்து எழுந்தால், இது அவர் பேண்ட்டை மோந்துகொண்டு பின்னாலேயே போகிறது. கிளம்பலாம் என்று நான் கூப்பிட்டால், 'நீ யாரு?' என்று ஒரு பார்வை.

"அப்படி என்ன மந்திரம் போட்டேள்?" என்று கேட்டேன். குரலில் இருந்த எரிச்சல் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். சங்கோஜமாகச் சிரித்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். நெத்திலிக் கருவாடு! ஐயோ, ஏகாதசி அன்று வெங்காயம்கூட வாங்காத வீடு எங்களுடையது. அதன் வாயை வீட்டுக்குப் போய் நான்தானே கழுவ வேண்டும்? இனிமேல் இதெல்லாம் கொடுக்கக் கூடாது என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். முத்து பொட்டலத்தை மடித்துக்கொண்டே சொன்னார்.

"கோவப்படாதீயக்கா. தயிர்சாதத்துக்கு அதுவும் எவ்ளோ நேரந்தான் வால ஆட்டும், சொல்லுங்க."

வாசல் மணி

கருவாட்டையாவது மன்னிக்கலாம். கருவாடு கொடுக்காமலே ஜெயிக்கிற மனுஷரை என்ன செய்வது?

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஹார்பர் லைன் ரயில் கூட்டத்தில் நசுங்கி, சட்டையெல்லாம் கசங்கி வந்து மணியை அழுத்துவார். அவர் மாடிப்படி ஏறும்போதே ஜீராவுக்குத் தெரிந்துவிடும். காலையிலிருந்து என் கண்ணெதிரே செத்தது போல் கிடந்த நாய், எழுந்து, குதித்து, சுற்றி, கதவைப் பிராண்டி, ஏதோ தேர் வருகிற மாதிரி ஒரு ஆர்ப்பாட்டம் பண்ணும். அவர் என்ன பண்ணுவார் தெரியுமோ? ஒன்றும் பண்ண மாட்டார். பையை வைத்துவிட்டு அதன் தலையை ஒரு தட்டுத் தட்டி, "பாவம், நாள் பூரா உன்னை யாருமே கவனிக்கலையா?" என்பார். எனக்குக் கையில் இருக்கிற கரண்டியை வீசலாமா என்று வரும்.

அது மாம்பழக் காலம். மாட்டுங்கா மார்க்கெட்டில் சின்னச் சின்ன நாட்டு மாம்பழம் வந்திருந்தது. பாலக்காட்டுக்காரர் வீட்டில் அதைப் பார்த்துவிட்டு மாம்பழப் புளிசேரி வைக்காமல் இருக்க முடியுமா? பழத்தை முழுசாக மோரும் தேங்காயும் விட்டுக் கொதிக்க வைத்து, தட்டில் போட்டுக்கொண்டு, சாதத்தோடு பிசைந்து, கொட்டையைச் சப்பித் தின்றால்தான் அவருக்குச் சாப்பிட்ட மாதிரி. அந்தக் காலத்தில்தான் இன்னொரு அதிசயமும் நடந்தது. கல்யாணமான நாளாக உட்கார்ந்த இடத்திலேயே கை கழுவுகிற மனுஷர், சாப்பிட்டதும் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு பால்கனியில் இருக்கிற குப்பைக்கூடைக்குப் போக ஆரம்பித்தார். ஜீரா பின்னாலேயே போகும். வயசானால் ஆண்களுக்குப் புத்தி வரும்போலிருக்கிறது என்று நான் உருகிப்போனேன். பால்கனியிலிருந்து திரும்பி வந்ததும் ஜீரா அவர் நாற்காலிக்கு அடியில் சுருண்டுகொள்ளும். அவர் காலை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொல்வார்.

"கேட்டயா வசந்தா, யாரு நல்லவான்னு நாய்க்குத் தெரியுமாக்கும்."

எலும்பு உண்டா?

ஒருநாள் காலையில் ஜீரா தயிர்சாதத்தைத் தொடவில்லை. கருவாட்டு ருசி பண்ணுகிற வேலை என்று முத்துவைக் கரித்துக்கொட்டினேன். மத்தியானம் பால் வைத்தேன். அதையும் மோந்து பார்த்துவிட்டு விலகியது. மறுநாள் வாந்தி எடுத்தது. வெறும் மஞ்சள் தண்ணீர். அதற்கப்புறம் என் மனசு ஒரு நிலையில் இல்லை. ஆட்டோ பிடித்து அந்தக் கிளினிக்குக்கு ஓடினேன்.

டாக்டர் சின்னப் பெண். நல்ல பெண்தான், என்ன, லாப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் கேள்வியே, "எலும்பு ஏதாவது கொடுத்தீங்களா?" எனக்கு வந்ததே ஒரு ரோஷம்! "எலும்பா? எங்காத்துலயா? முட்டைகூட வாசப்படி தாண்டினது கிடையாது" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவள் சிரித்துவிட்டு 'ப்யூர் வெஜ்' என்று அடித்துக்கொண்டாள். அதோடு வயிற்று விசாரணை முடிந்தது. எலும்பு இல்லையா, அப்போது தொண்டையிலோ வயிற்றிலோ எதுவும் மாட்டியிருக்காது. அவ்வளவுதான். நாயின் மேல் ஒரு விரல் வைக்கவில்லை. வாந்தி நிற்க ஊசி போடச் சொன்னாள், முத்து போட்டார். வீட்டில் சமீபத்தில் ஏதாவது மாறுதல் உண்டா என்று கேட்டாள். பெண் பெங்களூர் போய்விட்டாள் என்றேன். அவள் முகம் பளிச்சென்று ஆனது. வீட்டில் யார் யார், நாய் யாரிடம் அதிகம் ஒட்டும், அவர் வரும்போது என்ன பண்ணும், நீங்கள் அவரோடு பேசும்போது என்ன பண்ணும் என்று கேட்டுக்கொண்டே போனாள். வயிற்றைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. கடைசியில் லாப்டாப்பை மூடினாள். எங்கள் வீட்டில் இருக்கிற மொத்தப் பொறாமையையும் நான் ஒருத்தியே குத்தகைக்கு எடுத்திருக்கிறேன் என்று பாவம் அவளுக்குத் தெரியாது.

"ஆன்ட்டி, இது வயித்து வியாதி இல்லை. உங்க நாய்க்குப் பொறாமை."

முகத்தைத் திருப்பிக்கொள்ளவும்

பொறாமைக்கு அந்தக் கிளினிக்கில் மருந்து இல்லை, கவுன்சிலிங் இருந்தது. வீடியோ காலில் ஒரு பையன் வந்தான். பின்னால் புத்தகங்களும் செடியும். எங்கள் கூடத்தைச் சுற்றிக் காட்டச் சொன்னான். ஜீராவைக் காட்டச் சொன்னான். என்னை ரொம்ப நேரம் பார்த்தான். நான் அளவுக்கு மீறி அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேனாம். மருந்தும் நானே, குளியலும் நானே, கயிறும் நானே என்பதால் என்னைக் கண்டாலே அதற்கு இறுக்கமாம். அதனால் நான் தொடக் கூடாது, சாப்பாடு வைக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, அதுவாகக் கிட்ட வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். யாரிடம் பிரியமாக இருக்கிறதோ அவர்தான் எல்லாம் பார்க்க வேண்டும். அதாவது, சபதம் போட்டவர்.

சபதம் போட்டவர் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுத் தரையில் பாயை விரித்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பெண் பிறந்தபோதுகூட லீவு போடாத மனுஷர். நான் சமையலறையில் இருந்து எட்டிப் பார்த்தேன். சொந்த வீட்டில், சொந்தச் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, மாற்றாள் வீட்டை வேவு பார்க்கிற மாதிரி. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எட்டிப் பார்த்தேன். அவர் ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தார். குடித்தது, கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தது. முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது.

அன்று சாயங்காலம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நகம் தரையில் படுகிற சத்தம் கேட்டது. ஜீரா எழுந்து, ஆடி ஆடி நடந்து, சமையலறை வாசலில் வந்து நின்றது. நான் கூப்பிடவே இல்லை. தானாக வந்தது. இத்தனை நாளில் முதல்தடவை, யாரும் இழுக்காமல் என்னைத் தேடி வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? படித்தவர்கள் சொன்னதைக் கேட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அது கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் திரும்பிப் போகிற சத்தம். கையில் இருந்த கீரை நனைந்தது.

அதற்கப்புறம் அது ஊளையிடவில்லை, மணி அடித்தாலும் எழுந்திருக்கவில்லை, பாயில் அப்படியே கிடந்தது. வீடியோவில் அதைப் பார்த்ததும் அந்தப் பையனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பார்த்தீங்களா, நீங்க விலகினதும் எவ்வளவு அமைதியாயிட்டா!"

அஞ்சு ஸ்டார்

போனை அணைத்துவிட்டு, வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்வதற்குள் ஜீராவைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அது திமிறவில்லை. கிளினிக்கில் போய் நின்றால், உள்ளே ஒரு வெள்ளைப் புசுபுசு நாய்க்குப் பிறந்தநாள். தொப்பி, பலூன், கேக். டாக்டர் அதோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் எடுங்கள் என்றேன். கவுன்சிலர் ரிப்போர்ட் வந்தால்தான் அடுத்ததைப் பார்ப்போம், உட்காருங்கள் என்றாள் கவுண்டர் பெண். எனக்குத் தெரிந்த ஹிந்தி, மராத்தி எல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் சுத்தமான பாலக்காட்டுத் தமிழில் கத்தினேன். "ஒரு வாயில்லா ஜீவன் செத்துண்டிருக்கு, நீங்க கேக் வெட்டிண்டு இருக்கேளா? அது வயித்துல ஒருதடவை, ஒரே ஒருதடவை, கை வெச்சுப் பார்த்தேளா?" பலூன் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். புசுபுசு நாய் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

சத்தம் கேட்டு முத்து வந்தார். பாக்கெட்டில் கைவிட்டு ஒரு கருவாட்டை எடுத்து ஜீராவின் மூக்குக்கு நேரே பிடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அது அதைத் தின்றால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வாயை நான் ஆயிரம் தடவை கழுவுகிறேன், தின்னேன்டி! ஜீரா மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. முத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. "இங்க நிக்காதீயக்கா, மாட்டுங்காவுல ஒரு டாக்டர் இருக்காரு, உடனே போங்க" என்று காதோடு சொல்லிவிட்டு, வழியையும் சொன்னார். நான் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவைக் காலால் தள்ளும்போது, கவுண்டர் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். டாக்டர்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நின்றேன்.

"ஆன்ட்டி, போறதுக்கு முன்னாடி ரேட்டிங் மட்டும் கொடுத்துட்டுப் போங்களேன். அஞ்சு ஸ்டார்."

சயான் வரைக்கும்

செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு நேரே ஆட்டோவில் போக முடியாது என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆட்டோ சயானோடு நின்றுவிடும், அங்கே இறங்கி டாக்ஸி பிடிக்க வேண்டும். பின்னாலேயே வந்து கிளினிக் வாசலில் சேர்ந்துகொண்ட என் வீட்டுக்காரரும் நானும் ஜீராவும் சயானில் இறங்கினோம். கறுப்பு மஞ்சள் டாக்ஸி ஒவ்வொன்றாக வந்து நிற்கும், துண்டுக்குள் இருந்து ஒரு காது தெரியும், உடனே கிளம்பிவிடும். வெயில் என்றால் வெயில். அவர் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, டாக்ஸிக்காரர்களைக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். ஆபீஸில் யாரிடமும் தலை குனியாதவர் என்று பெயர்.

கடைசியில் ஒரு டாக்ஸிக்காரர் ஏற்றிக்கொண்டார். ஒரே நிபந்தனை, நாய் சீட்டில் படக் கூடாது, மடியில்தான் இருக்க வேண்டும். யார் மடியில்? அவர் என் மடி என்றார், நான் என் மடி என்றேன். "உங்ககிட்ட வெச்சுதான் இந்தக் கதிக்கு வந்திருக்கு, விடுங்கோ" என்றேன். "கவுன்சிலர் உன்னைத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்" என்றார். பின்சீட்டில் நாயின் முன்கால் அவர் பக்கம், பின்கால் என் பக்கம். டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சண்டையை முடிச்சுட்டுச் சொல்லுங்க, வண்டியை எடுக்கறேன்."

வேறு என்ன தின்னும்?

மாட்டுங்கா டாக்டரிடம் ஏசியும் இல்லை, சுவரில் கால் தடமும் இல்லை. ஜீராவை மேஜையில் படுக்க வைத்து, முதல் வேலையாக வயிற்றில் இரண்டு கையையும் வைத்து மெதுவாக அமுக்கினார். ஒரு இடத்தில் ஜீரா முனகியது. "எலும்பு கொடுத்தேளா?" என்று தமிழில் கேட்டார். இல்லை என்றேன். இந்தத் தடவை பிரசங்கம் செய்யவில்லை. அவர் அதோடு நிறுத்தவில்லை. "சரி, வேற என்ன தின்னும்?" தயிர்சாதம், பால், சப்பாத்தி, தேங்காய்ப் பத்தை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. திரும்பினால், என் வீட்டுக்காரர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது.

ஸ்கேனில் குடலை அடைத்துக்கொண்டு ஏதோ ஒன்று தெரிந்தது. டாக்டர் சொல்வதற்குள் இவர் சொன்னார், "மாங்கொட்டையா இருக்கும்." உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், இவ்வளவு நாள் தள்ளியிருக்கக் கூடாது, பிழைக்கும் என்று நம்புவோம் என்று சொல்லிவிட்டு டாக்டர் ஜீராவை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்தோம். புளிசேரி மாங்கொட்டையைப் பால்கனியில் தினம் அதற்குச் சப்பக் கொடுத்தாராம். தட்டை எடுத்துக்கொண்டு போனதெல்லாம் அதற்குத்தானாம். நான் உருகிப்போனேனே, அந்தத் தட்டு! ஒருநாள் சப்பிய கொட்டையைத் திருப்பி வாங்குவதற்குள் லபக்கென்று விழுங்கிவிட்டதாம். அடுத்த நாள் தானாகப் போய்விடும் என்று நினைத்தாராம். "ஏன்னா, அந்த டாக்டர் கேட்டதை நான் ஆத்துக்கு வந்து சொன்னப்போ நீங்க சொல்லியிருக்கப்படாதா?" என்று கேட்டேன். "அவ எலும்புதானே கேட்டா, அதுவும் உன்கிட்டதானே கேட்டா" என்றார். "கொட்டைன்னு எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?" அதற்கு அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி சொன்னார். முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அப்புறம், என் வீட்டில் பொறாமையைக் குத்தகைக்கு எடுத்தவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று புரிந்தது.

"நாள் பூரா அது உன்கூடதானே இருக்கு வசந்தா. நான் ஆபீஸ் போனப்புறம் அதுக்கு என்னை ஞாபகம் இருக்கணும்னா, நேக்குன்னு ஏதாவது ஒண்ணு வேண்டாமா?"

ஒருத்தர் மட்டும்

ஆபரேஷன் முடிந்தது. பிழைத்துவிட்டது. டாக்டர் ஒரு கிண்ணத்தில் அந்தக் கொட்டையைக் கொண்டுவந்து காட்டினார். இவர் பார்க்க மாட்டேன் என்று முகத்தை மூடிக்கொண்டார். மயக்கம் தெளிகிற நேரம், ஒருத்தர் மட்டும் உள்ளே போகலாம், சத்தம் போடக் கூடாது என்றார்கள். எனக்கு எழுந்திருக்கப் பயமாக இருந்தது. முகத்தைச் சுவருக்குத் திருப்பியவள் ஆயிற்றே நான். கண்ணைத் திறந்ததும் அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? அதை வெளியே வந்து இவரிடம் சொல்லும்படி ஆகிவிட்டால்? இவர் தலை குனிந்தபடியே, "நீ போ" என்றார்.

போனேன். வயிற்றில் பெரிய கட்டு. நாக்கு ஒரு ஓரமாக வெளியே தொங்குகிறது. கண் பாதி திறந்திருக்கிறது. என் கையில் கருவாடு இல்லை, மாங்கொட்டை இல்லை, தயிர்சாதம்கூட இல்லை. கிட்டப் போய்க் குனிந்தேன். மூக்கு மட்டும் அசைந்தது. என் புடவைத் தலைப்பை மோந்தது. அப்புறம் துணிக்கு அடியில் வால் ஒருதரம் தட்டியது. கொஞ்சம் நின்று, இன்னொருதரம். நான் வாயில் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதேன். முப்பது வருஷ சர்வீஸுக்கு ஆபீஸில் மாலை போட்டபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை.

வெளியே வந்தால் இவர் பெஞ்சில் இல்லை, கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. "என்னைத் தேடித்தா?" என்றார். தேடவில்லை. கதவுப் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த உண்மையை ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தால், தட்டுக்கும், பெயருக்கும், 'யாரு நல்லவான்னு நாய்க்குத் தெரியுமாக்கும்' என்றதற்கும் சேர்த்து எல்லாக் கணக்கும் தீர்ந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். சனியன், சொல்ல வரவில்லை. "தேடித்து. போங்கோ" என்றேன். மனுஷர் உடனே கதவைத் தள்ளப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"முதல்ல ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுங்கோ. பாக்கெட்டையும்."

வீட்டு நாயை டாக்டரிடம் காட்டப் போகிறவர்கள் வீட்டுக்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு போவது நல்லது, பாதி வியாதி அவரிடம்தான் இருக்கும்.